இரண்டு பேர் வீட்டை ஒருவர் ஓட்டும்போது

வீட்டில் இருக்கும் இரண்டு பெரியவர்களில் ஒருவர் வேலை, படிப்பு, வயதான பெற்றோருக்குத் துணை என்று சில வாரங்கள் வெளியூர் போகிறார். இருப்பவர் போடும் முதல் கணக்கு, "ஓர் ஆள் குறைகிறது, வேலையும் அந்த அளவுக்குக் குறையும்" என்பது. குறைவது துணியும் தட்டு டம்ளரும்தான். தரை அதே தரை. நான்கு பேருக்குச் சமைத்தாலும் மூன்று பேருக்குச் சமைத்தாலும் அடுப்படியில் நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. குப்பை வெளியே வைக்கும் நாள் மாறாது, பில் கட்டும் தேதி மாறாது. பாதிக்கும் மேற்பட்ட வேலைகள் ஆளைப் பொறுத்தவை அல்ல, வீட்டைப் பொறுத்தவை. ஆகவே ஒருவர் போனதும் இருப்பவர் தலையில் ஏறுவது ஒன்றரைப் பங்கு அல்ல, கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

கூடவே இன்னொன்றும் போய்விடுகிறது. இருவர் இருந்தால் ஒருவர் அடுப்பைப் பார்க்கும்போது மற்றவர் குழந்தையைக் குளிப்பாட்டுவார், வாசலில் மணி அடித்தால் கை ஈரமில்லாதவர் போவார். தனியாக இருப்பவருக்கு நேரம் போதாமல் போவதைவிட, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாமல் போவதுதான் பெரிய சிக்கல்.

ஆனால் பத்தாம் நாள் வாக்கில் வீட்டை நிறுத்துவது இவை இரண்டும் அல்ல. போனவர் சொல்லாமலே செய்துவந்த வேலைகள். அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையின் மூளைப் பகுதியை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. கையால் செய்யும் வேலை இந்த நான்கிலும் இல்லை. ஊருக்குப் போகிறவர் எழுதிக் கொடுக்கும் பட்டியலிலோ கைவேலை மட்டும்தான் இருக்கும். "சோப்புத் தூள் வாங்கு" என்று எழுதியிருப்பார். எப்போது என்று எழுத மாட்டார். ஏனென்றால் அது அவருக்கே தெரியாது. டப்பாவைத் தூக்கும்போது கை எடை சொல்லும், அவ்வளவுதான்.

எனவே வேலைப் பட்டியல் கேட்காதீர்கள். அடையாளப் பட்டியல் கேளுங்கள்.

போவதற்கு முன் ஒரு மணி நேரம்

அடையாளப் பட்டியல் என்றால் இப்படி: சோப்புத் தூள் டப்பாவில் இரண்டு விரல் உயரம் வந்தால் புதிது வாங்க வேண்டும். மாத்திரை அட்டையில் 7 நாளுக்கானது மிச்சம் இருக்கும்போது அடுத்த சீட்டைக் கடையில் காட்ட வேண்டும். துவைத்த துணி வழக்கத்தைவிடக் கனமாக வெளியே வந்தால் மெஷின் ஃபில்டரைத் திறக்க வேண்டும். குளியலறையில் சாக்கடை நாற்றம் வந்தால் தரை ஓட்டையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கண், மூக்கு, கை இவற்றில் ஒன்றுக்கு வேலை இருக்க வேண்டும். "அவ்வப்போது", "தேவைப்பட்டால்" என்ற சொற்கள் வந்தால் அந்த வரியைத் திருப்பி எழுதச் சொல்லுங்கள்.

இதை மேசையில் உட்கார்ந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். இருவரும் வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். மின் பலகையில் தொடங்கி, தண்ணீர் மெயின் வால்வு, கேஸ், வாஷிங் மெஷின், சிங்க் அடி, மருந்துப் பெட்டி, காகிதக் கோப்பு என்று முடிக்கலாம். போகிறவர் பேசட்டும், இருப்பவர் ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் இருப்பவர்தான் கை வைக்க வேண்டும். காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டியவருக்கு ராத்திரி பதினொரு மணிக்குக் குழாய் உடைந்து தண்ணீர் பீறிடும்போது எதுவும் நினைவுக்கு வராது.

மெயின் வால்வை அன்றைக்கே ஒரு முறை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். திருகும் வகை வால்வு என்றால் வலப்பக்கம் திருகினால் மூடும். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகியிருக்கும், சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். கையால் திரும்பவில்லை என்றால் ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம், தண்டு முறிந்தால் அது வேறு கதை. பிளம்பரை இருவரும் வீட்டில் இருக்கும்போதே கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். திருகும் வகை வால்வைக் கடைசிவரை திறந்து, பிறகு கால் சுற்று திருப்பி விட்டால் அடுத்த முறை எளிதில் இறுகாது.

இனி, பலரும் கோட்டை விடும் இடம்: ஓ.டி.பி. மின் கட்டணம், இணைய இணைப்பு, கேஸ் பதிவு, பள்ளிச் செயலி, மளிகை டெலிவரி எல்லாவற்றிலும் பதிந்திருப்பது ஒருவர் எண் மட்டுமாக இருக்கும். அவர் விமானத்தில் இருப்பார், அல்லது அங்கே நள்ளிரவாக இருக்கும். இங்கே டெலிவரி ஆள் வாசலில் எண் கேட்டுக்கொண்டு நிற்பார். போனவர் அங்கே உள்ளூர் சிம் மாற்றிவிட்டால் பழைய எண்ணுக்கு வரும் செய்தியைப் பார்க்கவே முடியாமலும் போகலாம். எந்தெந்தக் கணக்கில் இரண்டாவது எண் சேர்க்க முடியுமோ சேர்த்துவிடுங்கள். முடியாதவற்றுக்குக் கட்டணத்தைத் தானியங்கியாக வைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் எண்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், பாஸ்வேர்டை அங்கே எழுத வேண்டாம். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அனுமதி பெற்றவர் பட்டியலில் மூன்றாவதாக ஒருவர் பெயரையும் கொடுத்து வையுங்கள்.

மாற்றுச் சாவி ஒன்று வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்க வேண்டும். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுள்ள வீட்டில் குப்பை வைக்க வெளியே போய், கதவு சாத்திக்கொண்டு, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருப்பது எவருக்கும் நடக்கக் கூடியது. இருவர் இருந்தபோது உள்ளே இருந்தவர்தான் மாற்றுச் சாவி.

இருட்டும் வேளையின் மூன்று மணி நேரம்

நாளில் வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது மாலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள். காலையும் நெருக்கடிதான். ஆனால் காலை வேலையை முந்தைய இரவுக்குத் தள்ள முடியும், மாலை வேலையை எங்கும் தள்ள முடியாது.

இங்கே ஒரே விதி போதும். கண் வைத்தே ஆக வேண்டிய இரண்டு வேலைகளைச் சேர்த்து எடுக்கக் கூடாது. எரியும் அடுப்பு ஒன்று, தண்ணீரில் இருக்கும் சின்னக் குழந்தை ஒன்று. இரண்டில் எது நடந்தாலும் மற்றது நடக்கக் கூடாது. சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், சத்தமே வராது. குளிப்பாட்டும்போது மணி அடித்தால் அடிக்கட்டும். போகத்தான் வேண்டும் என்றால் ஈரத்தோடு துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். குளியல் முதலில், அடுப்பு அப்புறம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பசி தாங்காத பிள்ளை என்றால் வரிசையை மாற்றலாம், ஆனால் அடுப்பு அணைந்த பிறகுதான் குளியலறைக் கதவு திறக்க வேண்டும்.

கண் வைக்கத் தேவையில்லாத வேலைகளை இவற்றுக்கு நடுவே செருகலாம். தானாக அணையும் மின் குக்கர், வாஷிங் மெஷின், ஊற வைத்த பாத்திரம் எல்லாம் இந்த வகை. மின் குக்கர் நேரம் பார்த்து அணைவதில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், அப்போது சுவிட்ச் விழும். அதனால் அதை விட்டுவிட்டு வேறு அறைக்குப் போகலாம். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு இந்த அறிவு கிடையாது. தவிர்க்க முடியாமல் அடுப்பை விட்டு நகர்ந்தால் அடுப்படியில் டைமர் வைக்காதீர்கள், சட்டைப்பையில் இருக்கும் ஃபோனில் வையுங்கள். அடுத்த அறையில் ஃபேன் ஓடினாலே அடுப்படி மணி காதில் விழாது.

பிள்ளைகள் கை கொடுக்கலாம். நான்கு வயதில் அழுக்குத் துணியைக் கூடையில் போடத் தெரியும், ஏழு வயதில் தட்டு எடுத்து வைக்கவும் சாக்ஸ் ஜோடி சேர்க்கவும் தெரியும், பத்து வயதில் தரையைக் கூட்டத் தெரியும். ஆனால் ஒரு வேலையை ஒரே பிள்ளைக்கு ஒரே மாதிரி தினமும் கொடுங்கள். இன்றைக்கு ஒருத்தி, நாளைக்கு ஒருத்தன் என்று மாற்றினால் யார் முறை என்ற பஞ்சாயத்துக்கே அரை மணி நேரம் போகும்.

துணியும் மெஷினும்

ஓர் ஆள் குறைந்தால் துணி குறையும் என்பதால், தினமும் பாதி மெஷின் போடும் பழக்கம் வந்துவிடும். அது தண்டம். துணியைச் சேர்த்து மூன்று நாளுக்கு ஒரு முறை போடுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷினில் பருத்தித் துணி என்றால் முக்கால் டிரம் அளவு. துணியை அமுக்காமல் போட்டபின் மேலே உள்ளங்கையை நெட்டுக்குத்தாக நுழைக்க இடம் இருந்தால் சரி. அடைத்து வைத்தால் துணி மேலேயிருந்து கீழே விழ இடமில்லாமல் ஒரே உருண்டையாகச் சுற்றும், அழுக்கும் போகாது, சோப்பும் போகாது.

அவசரத்தில் தூளைக் கூடப் போடுவது இன்னொரு தப்பு. நுரை அதிகமானால் துணிக்கும் டிரம்முக்கும் நடுவே மெத்தை போல நிற்கும், உரசல் குறையும். பம்ப் தண்ணீருக்குப் பதில் நுரையை இழுத்துத் திணறும், சில மெஷின்கள் சுழற்றிப் பிழிவதையே நிறுத்திவிடும். கடைசி அலசலிலும் கண்ணாடியில் நுரை தெரிந்தால் அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

தனியாக இருப்பவர் வீட்டில் அடிக்கடி நடப்பது, துவைத்து முடித்த துணியை மெஷினுக்குள்ளேயே மறந்துவிடுவது. ராத்திரி போட்டது காலையில் நாறும். ஈரத்தில் பெருகும் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாதான் அந்த ஈரக் கந்தல் வாடைக்கு முக்கியக் காரணம். வெயிலில் போட்டால் போய்விடும் என்று நினைத்துக் காய வைப்பார்கள். காய்ந்தபின் வாடை இருக்காது, உடுத்தி வியர்த்ததும் திரும்பி வரும். கிருமி நூலிலேயே இருப்பதுதான் காரணம். நாறிய துணியைத் திரும்பத் துவைக்கத்தான் வேண்டும். பருத்தி என்றால் 60 டிகிரியில் துவைக்கலாம், அல்லது ஆக்சிஜன் பிளீச் தூளைச் சேர்த்து 40 டிகிரிக்கு மேல் துவைக்கலாம். இதைத் தவிர்க்க, மெஷினில் இருக்கும் தாமதத் தொடக்கப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். முடியும் நேரம் நீங்கள் விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகும்போது ஓட விட வேண்டாம். தண்ணீர் ஏறும் ரப்பர் குழாய் வெடித்தால் நிறுத்த ஆளில்லை.

இனி ஃபில்டர். பெரும்பாலும் இது போனவரின் வேலையாகவே இருந்திருக்கும், இருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முன்பக்க மெஷினின் அடியில், வலது மூலையில் அல்லது இடது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். துணி சொட்டச் சொட்ட வெளியே வந்தாலோ, கடைசியில் டிரம்மில் தண்ணீர் தேங்கி நின்றாலோ முதலில் அங்கேதான் போக வேண்டும்.

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடுங்கள். சுடுதண்ணீரில் ஓடியிருந்தால் ஆறும்வரை பொறுங்கள். மூடியைத் திறந்தால் திருகும் ஃபில்டர் பக்கத்தில் பல மெஷின்களில் விரல் தடிமன் குழாய் ஒன்று இருக்கும். அதன் கீழே விளிம்பு தாழ்ந்த தட்டை வைத்து, அடைப்பானை எடுத்துத் தண்ணீரை வடியுங்கள். தட்டு நிறைந்ததும் அடைத்து, கொட்டி, மறுபடி வடியுங்கள். சில லிட்டர் வரும், பொறுமை வேண்டும். அந்தக் குழாய் இல்லாத மெஷினில் ஃபில்டரையே கால் சுற்று மட்டும் தளர்த்தி, கசிவது நின்றபின் மீண்டும் கால் சுற்று என்று போக வேண்டும். ஒரேயடியாகக் கழற்றினால் மொத்தத் தண்ணீரும் தரையில்.

வெளியே வருவது பெரும்பாலும் காசு, ஹேர்பின், சட்டைப் பொத்தான், பஞ்சு, பிள்ளையின் ஒற்றைச் சாக்ஸ். ஃபில்டரைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அது இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிறு விசிறி தெரியும். அதைக் குச்சியால் தள்ளினால் விட்டு விட்டுத் திரும்பும், காந்தம் இருப்பதால் அப்படித்தான் திரும்பும், பயப்பட வேண்டாம். அசையவே இல்லை என்றால் நூலோ முடியோ சுற்றியிருக்கிறது. எல்லாம் எடுத்தபின் ஃபில்டரை இறுக்கி, துணியில்லாமல் ஓர் அலசல் ஓட்டி, அடியில் ஈரம் கசிகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். அதற்கப்புறமும் தண்ணீர் வடியவில்லை என்றால் மெஷினுக்குப் பின்னால் போகும் குழாய் மடங்கியிருக்கலாம்.

வாரம் ஒரு முறை கதவு ரப்பரின் மடிப்பை விரித்துத் துடையுங்கள். வேலை முடிந்ததும் கதவை ஒருக்களித்து வையுங்கள். சின்னக் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் மட்டும் மூடித்தான் வைக்க வேண்டும்.

சமைத்து வைப்பது

வாரத்துக்கு ஒரே நாளில் ஏழு நாளுக்கும் சமைத்து அடுக்கும் யோசனை எல்லோரும் சொல்வது. அது ஏழு நாளுக்குத் தாங்காது. சமைத்த உணவு ஃபிரிட்ஜில் 3 அல்லது 4 நாள்வரைதான். எனவே ஞாயிறு ஒரு முறை, புதன் ஒரு முறை. ஐந்தாம் நாளுக்கானது ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18. உள்ளே இருக்கும் 1 முதல் 5 வரையிலான திருகு டிகிரியைக் குறிப்பதில்லை. எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். மலிவான தெர்மாமீட்டர் ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத் தட்டில் ஒரு ராத்திரி வைத்தால் உண்மை தெரியும்.

சமைத்ததை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, அறையின் சூடு 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம். பெரிய பாத்திரத்தோடு சூடாக உள்ளே தள்ளினால் அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்தில் இருப்பதையும் சூடாக்கும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேற்படாத தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். சோற்றுக்குத் தனிக் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு கக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

திரும்பச் சூடாக்குவது ஒரே முறை, நடுவே 74 டிகிரி வரும்வரை. ஆவி பறந்தால் போதாது, கிளறிவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும். ஆகவே டப்பாவின் அளவு ஒரு வேளைக்கு உரியதாக இருக்கட்டும். ஃப்ரீசருக்குப் போவதைப் பையில் போட்டு, 2 அல்லது 3 சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாகப் படுக்க வைத்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும், புத்தகம் போல அடுக்கலாம். திரவமாக இருப்பதை டப்பாவில் வைத்தால் மேலே 2 சென்டிமீட்டர் விடுங்கள், உறைந்தால் விரியும். காகித டேப்பில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். "பார்த்தாலே தெரியும்" என்பது உறையும்வரைதான்.

ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு நாள் உணவு தொடாமல் இருக்க வேண்டும். அது ஏன் என்று கீழே வரும்.

திடீரென்று நிற்பவை

பாதி வீடு இருட்டாகிவிட்டால் மின் பலகையைப் பாருங்கள். எம்.சி.பி. எனப்படும், கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்சுகளின் நெம்புகோல்களில் ஒன்று மட்டும் கீழேயோ நடுவாக்கிலோ நிற்கும். நடுவில் நிற்பதை அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முதலில் முழுக்க அணைப்புப் பக்கம் தள்ளி, பிறகு ஏற்ற வேண்டும். உடனே விழுந்தால் அந்த வரிசையில் இருக்கும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு சுவருக்குள், அது எலக்ட்ரீஷியன் வேலை. டெஸ்ட் பொத்தானோடு அகலமாக இருப்பது மின்கசிவைப் பார்ப்பது, வீடுகளில் வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். அது விழுந்தால் தண்ணீர் சூடாக்கும் கருவி, வாஷிங் மெஷின், ஈரம் பட்ட பிளக் பாயிண்ட் இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். கை ஈரமாக இருந்தால் பலகையைத் தொடக் கூடாது. விழுந்துகொண்டே இருப்பதைக் கட்டையால் முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உயிர் காக்கும் பொருளின் வாயைக் கட்டும் வேலை அது.

சிலிண்டர் வீட்டில் கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், எரியும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே போய்விட்டு அப்புறம் ஃபோன் பண்ணுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், அதனால் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவும் வேண்டும். குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இலகுவானது, மேலே ஏறும். சிலிண்டர் மாற்றும்போது வால்வுக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தியபின் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்ப்பவர்களிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள்.

சிங்க் அடைத்தால் அடியில் இருக்கும் கிண்ணம் போன்ற பகுதிக்குக் கீழே வாளி வைத்து, கையால் இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். ரப்பர் வளையம் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் ஒழுகும். அடைப்பு நீக்கும் ரசாயனத்தை ஏற்கெனவே ஊற்றியிருந்தால் கழற்றக் கூடாது, கையும் கண்ணும் வெந்துவிடும். பிளாஸ்டிக் குழாயில் கொதிநீர் ஊற்றாதீர்கள், இணைப்பு இளகும்.

விட்டுவிடக் கூடியவை, விடக் கூடாதவை

இஸ்திரி, ஜன்னல் கண்ணாடி, அலமாரி அடுக்குதல், சாமான்களைத் தூக்கி அடியில் துடைத்தல் இவற்றை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். ஏணி ஏறும் வேலை எதையும் தனியாகச் செய்ய வேண்டாம். விழுந்தால் குரல் கொடுக்க ஆளில்லை, அந்த பல்பு எரியாவிட்டால் குடி முழுகாது. தினசரிக்குக் குறைந்தபட்சம் மூன்று: படுக்கும்போது சிங்க் காலியாக இருப்பது, ஈரக் குப்பை கட்டப்பட்டிருப்பது, நாளைக்கு வேண்டிய உடை எடுத்து வைத்திருப்பது. இவை மூன்றும் இருந்தால் வீடு ஒரு வாரம் கலைந்து கிடந்தாலும் ஓடும்.

குளியலறையை அவசரமாகக் கழுவும்போது ஓர் எச்சரிக்கை. பிளீச்சோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா உள்ள திரவத்தைக் கலந்தால் குளோரமின் வரும். இரண்டும் நெஞ்சைப் பிடிக்கும். வேறு வேறு நாளில் போடுங்கள், நடுவில் நிறையத் தண்ணீர் விடுங்கள்.

போனவர் பயன்படுத்தியதெல்லாம் சும்மா கிடந்தே கெடும். அவருடைய குளியலறைத் தரை ஓட்டையின் அடியில் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் பூச்சியையும் தடுக்கிறது. சில வாரம் பயன்படுத்தாவிட்டால் அது ஆவியாகிவிடும். வாரம் ஒரு குவளை ஊற்றுங்கள். வண்டியை ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கும். ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விடுவதால் பயனில்லை, ஸ்டார்ட்டர் எடுத்ததே திரும்பி ஏறாது. வாரம் ஒரு முறை 20 அல்லது 30 நிமிடம் ஓட்ட வேண்டும். செடிக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள், ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள்.

இருப்பவருக்கே உடம்பு முடியாமல் போனால்

ஃப்ரீசரில் இரண்டு நாள் உணவு வைக்கச் சொன்னது இதற்குத்தான். அதோடு ஒரு பையில் தெர்மாமீட்டர், காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், எல்லோருடைய மருந்துப் பெயரும் அளவும் எழுதிய தாள். கரைசல் பொட்டலங்களில் 1 லிட்டர் தண்ணீருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. தண்ணீர் குறைந்தால் உப்பு மிகும், அது குழந்தைக்கு ஆபத்து. தலை சுற்றும்போது பொடி எழுத்தைப் படிக்க முடியாது, இன்றே தடித்த பேனாவில் மேலே எழுதி வையுங்கள்.

கூப்பிட்டால் வருவார் என்ற ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவர் போதாது. "ராத்திரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால் பிள்ளைகளோடு வந்து இருப்பீர்களா?" என்று நேராகக் கேட்டு, ஆமாம் என்று சொன்னவர் வேண்டும்.

வெளியூர் போனவரிடம் நாளுக்குப் பத்து முறை "அந்த டப்பா எங்கே" என்று கேட்காமல், கேள்விகளைச் சேர்த்து ஒரே அழைப்பில் கேட்கலாம். உடனே கூப்பிட வேண்டியவை நான்கு: பிள்ளை உடம்பு, தண்ணீர் பீறிடுவது, கேஸ், பணம். மற்றதெல்லாம் தாங்கும். போனவருக்கும் ஒரு வார்த்தை: "எல்லாம் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். "சிங்க் காலியா? நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" என்று கேளுங்கள்.

திரும்பி வரும் நாளிலேயே பொறுப்பைத் தூக்கி அவர் கையில் திணிக்க வேண்டாம். களைப்பில் வந்திருப்பவர் டப்பாக்கள் இடம் மாறியிருப்பதைப் பார்த்து ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நடு வீட்டில் சண்டை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தபின் அதே நடையை மறுபடி நடக்கலாம், மின் பலகையில் தொடங்கி. இந்த முறை இருந்தவர் பேசட்டும், வந்தவர் வீடியோ எடுக்கட்டும். ஃபில்டரில் எத்தனை காசு கிடைத்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.